அவங்க என்ன உங்களுக்கு மாமனா மச்சானா? கடலூரில் ஒரு பேஸ்பால் ரசிகனின் சந்தேகம்

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

வணக்கம் மக்களே. இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டு நழுவிப் போகிறவன், இன்றைக்குத்தான் முதல் இழை தொடங்குகிறேன். தப்பு இருந்தால் அட்மின் மன்னிக்கவும்.

சிகாகோ கப்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி. நேற்று விடியற்காலை கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் கோட்டை விட்டார்கள். காலையில் இட்லியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த வீட்டம்மா, "அவங்க என்ன உங்களுக்கு மாமனா மச்சானா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அதுல ஒருத்தன் வந்து எட்டிப் பார்ப்பானா?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

எப்படி ஆரம்பித்தது என்று மட்டும் சொல்லத் தெரியும். 2012-ல் பாண்டியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் சேர்ந்தேன். சாயங்காலம் கடலூரில் பஸ் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று போய் இறங்கினால் விடியும்வரை அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில். எங்கள் டீ பிரேக் 12 மணிக்கு. கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் 1988 வரைக்கும் விளக்கே கிடையாது, எல்லா ஆட்டமும் பகலில்தான். இப்போதும் நிறைய ஆட்டங்களைப் பகல் 1:20-க்கு ஆரம்பிப்பார்கள். நமக்கு அது இரவு 11:50. மற்ற ஊர் அணிகள் அங்கே ராத்திரி ஆடும்போது இங்கே விடியற்காலை, நான் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு தூங்குவேன். அதனால் கப்ஸ். காதல் கீதல் எதுவும் இல்லை, டைம்டேபிள் ஒத்துப்போனது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடாது. ஒரு ஸ்கோர் பக்கம் திறக்கும், அதில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வந்து விழும். பச்சைப் புள்ளி என்றால் 'பால்', அதாவது எறிகிறவன் தப்பாகப் போட்ட பந்து; சிவப்பு என்றால் 'ஸ்ட்ரைக்', அடிக்கிறவன் கோட்டை விட்ட பந்து. ஆட்டக்காரன் முகம் தெரியாது, சத்தம் கிடையாது. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு புள்ளியைப் பார்ப்பேன். நான் சேர்ந்த 2012-ல் 162 ஆட்டத்தில் 101 தோல்வி. அடுத்த வருடம் 96, அதற்கடுத்த வருடம் 89. சிகாகோவில் எங்கள் கிளையன்ட் ஆபீசில் ஒரு அம்மா இருந்தார், வேலைப் பேச்சு முடிந்ததும் "நேற்றும் போச்சு, பார்த்தாயா" என்பார். "பார்த்தேன் மேடம்" என்பேன். மூன்று வருடம் எங்களுக்குள் இருந்த ஒரே சொந்தப் பேச்சு அந்தத் தோல்விக் கணக்குதான்.

பிறகு 2016. கப்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1908-ல். 108 வருடம் கழித்து இறுதிச் சுற்றில் (உலகத் தொடர் என்பார்கள்), கிளீவ்லாந்து ஊரில், முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். நமக்கு நவம்பர் 3 காலை. ஜியோ சிம் இலவசமாக ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் போனில் தைரியமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 9 மணி வாக்கில் கிளீவ்லாந்துக்காரன் ஒருவன் ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டான். ஒரு ஆட்டத்துக்கு உரிய ஒன்பது இன்னிங்ஸும் சமனிலேயே முடிந்ததும் மழை வேறு. பையனை அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நான் இல்லை. 17 நிமிடம் ஆட்டம் நின்றது, அந்த 17 நிமிடமும் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். பத்தாவது இன்னிங்ஸில் 8-7. கத்திவிட்டேன். எதிர்வீட்டுப் பாட்டி "யாருப்பா செத்தது?" என்று வாசலுக்கே வந்துவிட்டார். (அடுத்த வாரமே 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போய்விட்டது, ஊரே கத்தியது, அது வேறு கதை.)

மறுநாள் ராத்திரி அந்த சிகாகோ அம்மா பேசினார். ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம், அப்பா பெயர், தாத்தா பெயர், இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் பெயர். தானும் தன் அப்பா பெயரை எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் ஹெட்செட்டோடு உட்கார்ந்து அழுதேன், டீம் லீடர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஏதோ கிளையன்ட் திட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு.

இப்போது வேறு கம்பெனி, அந்த அம்மாவோடு பேச்சும் இல்லை. ஆனால் புள்ளியை விட முடியவில்லை. ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பொழுதுபோக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள், பொழுதுபோக்குக்கு யாரும் இட்லியை ஆறவிட மாட்டார்கள்.

விசில்_வில்லியனூர்

அண்ணே முதல் பதிவே செஞ்சுரி. எனக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது, "யாருப்பா செத்தது" வரைக்கும் படித்துவிட்டு ஆபீசில் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

லாஸ்பேட்டை_இலக்கணம்

நல்ல கேள்வி. ராபர்ட் சியால்டினி என்கிற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்புக்கு யார் யார் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். வார இறுதியில் கல்லூரி ஃபுட்பால் அணி ஜெயித்திருந்தால் சட்டை கூடும். இன்னொரு சோதனையில் மாணவர்களுக்குப் போன் போட்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தை விவரிக்கும்போது "we", தோற்ற ஆட்டத்துக்கு "they" என்று பேசுவது அதிகமாக இருந்தது. அடுத்தவன் வெற்றியில் நாம் போய் வெயில் காய்வது.

ஆனால் எனக்கு இதில் ஒரு தமிழ்க் கொசுறு உண்டு. இங்கிலீஷில் ஒரே "we". நமக்கு இரண்டு. "நாங்க ஜெயிச்சோம்" என்றால் எதிரில் இருப்பவனுக்குப் பங்கு இல்லை. "நாம ஜெயிச்சுட்டோம்" என்றால் கேட்கிறவனும் உள்ளே வந்துவிட்டான். டீக்கடையில் நின்று கவனித்துப் பாருங்கள், முன்பின் தெரியாதவனிடம்கூட "நாம ஜெயிச்சுட்டோம் சார்" என்றுதான் சொல்வான், அவன் எந்த அணி என்று விசாரிப்பதற்கு முன்பே. ரசிகன் என்றாலே ஒரு "நாம"வைத் தேடிக்கொண்டு அலைகிறவன் என்பது என் கட்சி. அணி, ஆட்டக்காரன், கோப்பை எல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

தோற்றால் மட்டும் "அவனுங்க சொதப்பிட்டானுங்க". அது எல்லா மொழியிலும் ஒன்றுதான் போல.

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

@லாஸ்பேட்டை_இலக்கணம் சார், சட்டைக் கணக்கு எனக்குப் பொருந்தவில்லையே. நான் சேர்ந்தபோது 101 தோல்வி, அதில் எங்கே வெயில் காய்வது? "நாம" என்கிறீர்கள், மஞ்சக்குப்பத்தில் நான் யாரிடம் போய் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று சொல்வேன்? அதனால்தான் மாடியில் கத்தினேன்.

கணக்குப்பிள்ளை_கடலூர்_ஓடி

கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் ஒரு கம்பெனிக்கு ரசிகர். அவ்வளவுதான். கம்பெனிக்கு உங்கள் மேல் காதல் கிடையாது.

அமெரிக்காவிலேயே உதாரணம் வேண்டுமா? நியூயார்க்கின் புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்று ஒரு அணி, திரும்பத் திரும்ப இறுதியில் தோற்று "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஜனங்கள் சொல்லியே பழகி, கடைசியில் 1955-ல் கோப்பை வாங்கியது. 1957 சீசன் முடிந்ததும் முதலாளி அணியையே லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஓக்லாண்டில் நேற்றைய கதை. 1968-லிருந்து அங்கே இருந்த அணி, 2024-ல் மூட்டை கட்டியது. கடைசி ஆட்டத்தன்று மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள் பாவம். மண்ணைத்தான் அள்ள முடியும், அணியை அள்ள முடியுமா?

நம்ம ஊர் மட்டும் என்ன, ஒரு சிமெண்ட் கம்பெனி ஏலத்தில் எடுத்த அணிக்கு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு "எங்க ரத்தம்" என்கிறான் என் பையன். "தல" ராஞ்சிக்காரர். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான், ரத்தம் எந்த ஊர்ப்பா?

விசில்_வில்லியனூர்

@கணக்குப்பிள்ளை_கடலூர்_ஓடி மாமா, இங்கே நிற்கணும். 2018-ல் காவிரிப் போராட்டம் நடந்தபோது சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டத்தோடு நிறுத்திவிட்டு சொந்த ஊர் ஆட்டங்களை எல்லாம் புனேவுக்கு மாற்றினார்கள். ரசிகர்களுக்கென்று சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் விட்டார்கள், விசில் போடு எக்ஸ்பிரஸ். சுமார் ஆயிரம் பேர். நானும் போனேன், அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு, வீட்டில் "இண்டஸ்ட்ரியல் விசிட்" என்று பொய் சொல்லிவிட்டு.

ராஜஸ்தானோடு ஆட்டம், வாட்சன் 106. அதெல்லாம் யூடியூபில் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருப்பது ரயில். என் எதிர் சீட்டில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அண்ணன், ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் புளியோதரை கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தவுடன் கோச்சே திரும்பிப் பார்த்தது. பேப்பர் பிளேட் இல்லை, எல்லோரும் கையை நீட்டினோம், உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்தார். பெயர்கூடக் கேட்காமல் பத்துப் பன்னிரண்டு பேர் வாங்கித் தின்றோம். இன்றைக்கும் அந்த அண்ணன் என் போனில் "புளியோதரை" என்றுதான் இருக்கிறார். போன வருடம் என் தங்கை கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினார். கம்பெனி எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றே வையுங்கள், அந்த அண்ணனைக் கொடுத்தது யார்?

அண்ணியிடம் (இழைக்காரர் வீட்டில்) சொல்லுங்கள், ஆட்டக்காரன் எட்டிப் பார்க்க மாட்டான், ரசிகன் வருவான்.

கணக்குப்பிள்ளை_கடலூர்_ஓடி

ரயில் டிக்கெட் யார் காசு தம்பி? அவர்கள் கொடுத்ததுதானே. விளம்பரச் செலவு. புளியோதரை மட்டும்தான் கணக்கில் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

உப்பளம்_உதைப்பந்து

பாண்டிக்காரன் ஒருவன் பேசட்டுமா. எங்கள் வீடு சொல்தா வீடு. வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்போம். தாத்தா இந்தோசீனாவும் போனார், அல்ஜீரியாவும் போனார். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். ஆனால் பாரிஸில் மொத்தமாக நாலு மாதம்கூட இருந்ததில்லை.

1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நமக்கு நள்ளிரவு 12:30. தெருவில் எங்கள் வீட்டு டிவியைச் சுற்றி இருபது பேர், அதில் பாதி பிரேசில் கட்சி, என் சித்தப்பா உட்பட. (பாண்டியில் ஃபிரான்ஸுக்குக் கை தட்டுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள், மீனவர் குப்பங்களில் பெயிண்ட் அடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும்.) ஜிடேன் தலையால் இரண்டு கோல் போட்டான். தாத்தா கத்தவில்லை. சாய்வு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, "இவன் அல்ஜீரியாக்காரங்க புள்ள. நாங்க அவங்களச் சுடப் போனோம். இப்ப நமக்கு கோல் போடுறான்" என்றார். அதில் "நாங்க" வேறு, "நமக்கு" வேறு. லாஸ்பேட்டை சார் எழுதியதைப் படித்த பிறகுதான் இன்றைக்கு எனக்கே அது உறைத்தது.

தாத்தா இப்போது இல்லை. 2018-ல் ஃபிரான்ஸ் மறுபடி ஜெயித்தபோது நான் பீச் ரோட்டில் ஆடினேன். 2022-ல் பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோற்றபோது சித்தப்பா போன் செய்து ஆறுதல் சொன்னார், அவர் பிரேசில்காரர், அவருக்கு அர்ஜென்டினா ஜெயித்தது அதைவிட எரிச்சல்.

எனக்கு ஃபிரான்ஸ் எங்கே இருக்கிறது என்பது பற்றிக் கவலை இல்லை. அந்த சாய்வு நாற்காலி இருந்த கூடத்துக்குத்தான் நான் ரசிகன்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒருவர் எரிச்சலையும் கேளுங்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 34 பேர். 2025 ஐபிஎல்லில் சென்னை கடைசி இடத்துக்குப் போனது. என் தம்பி பெங்களூரு கட்சி, என் நாத்தனார் வீட்டுக்காரர் சென்னை. தம்பி ஒரு மீம் போட்டான். அவர் பதிலுக்கு ஒன்று போட்டார், அதில் ஒரு கெட்ட வார்த்தை. மறுநாள் காலை அவர் குரூப்பை விட்டு வெளியேறினார், நாத்தனாரையும் வெளியேறச் சொன்னார். ஆடி மாசத்துக்குச் சீர் கொண்டுபோனபோது வாசலில் வைத்தே அனுப்பப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்து இரண்டு மாதம் கழித்து!

என் எட்டாம் வகுப்புப் பையன்கள் தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதிர் அணி ஆட்டக்காரரின் அம்மாவைப் பற்றி எழுதி வைக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அம்மாவையும் தெரியாது, பிள்ளையையும் தெரியாது. "நாம" என்று ஒன்று இருந்தால் கூடவே "அவனுங்க" என்றும் ஒன்று வந்துவிடுகிறதே, அதற்கு இலக்கணம் என்ன சொல்கிறது?

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

டீச்சர் சொல்வது நிஜம். கப்ஸ் ரசிகர்களைப் பற்றி நான் சாக்பீஸ் கதையை மட்டும் சொன்னேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

2003 அக்டோபர். கப்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போக இன்னும் ஐந்தே ஐந்து அவுட் வேண்டும், 3-0 முன்னிலை. எல்லைக் கோட்டுச் சுவர் ஓரம் ஒரு பந்து மேலே எழும்பி வருகிறது, கப்ஸ் ஆட்டக்காரர் எம்பிப் பிடிக்கப் பார்க்கிறார், கேலரியில் நாலைந்து பேர் கை நீட்டுகிறார்கள், ஒரு இளைஞனின் கை பட்டுப் பந்து விலகிவிட்டது. ஹெட்போனில் ரேடியோ கேட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்த பையன், கப்ஸ் ரசிகன்தான். அதற்குப் பிறகு அதே இன்னிங்ஸில் கப்ஸ் ஆட்டக்காரர் கைக்கு வந்த சுலபமான பந்தைத் தவறவிட்டார், எதிரணி எட்டு ரன் எடுத்தது, ஆனால் பழி முழுக்க அந்தப் பையன் தலையில். பியரை அவன் மேல் ஊற்றினார்கள். காவலர்கள் சூழ்ந்து வெளியே கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது. அவன் வீட்டு முன்னால் போலீஸ் காவல் போட்டார்கள். அதோடு பொதுவெளியிலிருந்தே மறைந்துவிட்டான், பேட்டி, விளம்பரம், காசு எதற்கும் வரவில்லை.

2016-ல் கோப்பை வாங்கியபின், மறு வருடம் கிளப் அவனுக்கு ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே சாம்பியன் மோதிரத்தைக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு அதைப் படித்தபோது நம்ம ஊரில் ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தவனுக்குப் பதினாலு வருடம் கழித்துக் கோயிலில் பரிவட்டம் கட்டியது மாதிரி இருந்தது. கட்டியவர்களுக்குப் பாவம் தீர்ந்திருக்கும். கட்டிக்கொண்டவனுக்கு?

லாஸ்பேட்டை_இலக்கணம்

டீச்சருக்கு: இலக்கணத்தில் அதற்கு மருந்து இல்லை. வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று ஒரு வசதி இருக்கிறது.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

அட்மின் என் தம்பிதான் சார்.

முதுநகர்_மூத்தவன்

பேரப்பிள்ளை உதவியோடு தட்டச்சு செய்கிறேன், மெதுவாகத்தான் வரும். எங்கள் காலத்தில் மைதானமும் பார்க்கவில்லை, டிவியும் பார்க்கவில்லை. ரேடியோவில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்வார். முதுநகர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நாங்கள் நிற்போம், பஞ்சர் ஒட்ட வந்தவனும் நிற்பான், வேலை முடிந்தும் போக மாட்டான். கடைக்காரர் வல்கனைசிங் பிளேட்டைக் கையில் பிடித்தபடியே கேட்பார், ஒருமுறை ட்யூபே கருகிவிட்டது. ட்யூபுக்குச் சொந்தக்காரன் "பரவால்ல, ஸ்கோர் என்ன?" என்றான்.

டீச்சர் அம்மா கவலைப்படுகிறார்கள். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்டின் கடைசி நாள், நான் அங்கே கேலரியில் இருந்தேன். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனார். ஜெயிக்க இன்னும் 17 ரன் வேண்டும், மூன்று விக்கெட் இருந்தது, நாலே ரன்னில் மூன்றும் போயிற்று. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. அப்படியே பரவி எல்லோரும் எழுந்து நின்றோம், பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திரும்பி வந்து மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அழுதுகொண்டேதான் தட்டினேன். அடுத்த நாலு மாதத்தில் கார்கிலில் சண்டை வந்துவிட்டது, அதுவும் உண்மை.

யார் முதலில் தட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஒருவன் தட்டாமல் ஒரு பாட்டிலை எறிந்திருந்தால் நாங்களும் எறிந்திருப்போமோ என்னமோ. கூட்டம் என்பது அவ்வளவுதான் அம்மா, முதல் கை யாருடையது என்பதுதான்.

ஒசாகா_ரிட்டர்ன்

கணக்குப்பிள்ளை சார் சிமெண்ட் கம்பெனி என்றாரே, நான் ரயில் கம்பெனி கதை சொல்கிறேன். ஜப்பானில் ஒசாகாவில் மூன்று வருடம் வேலை. அந்தப் பக்கம் ஹான்ஷின் டைகர்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி, ஹான்ஷின் ரயில் கம்பெனிக்காரர்கள் நடத்துவது. 1924-ல் திறந்த கோஷியன் மைதானம் அவர்களுடையதுதான், ஆட்டத்துக்குக் கூட்டம் போவதும் அவர்கள் ரயிலில்தான். வியாபாரம் என்றால் இதைவிட அப்பட்டமாக இருக்க முடியாது. ஜனங்களுக்கும் அது தெரியும். ஒரு பொருட்டே இல்லை.

1985-ல் இவர்கள் பட்டம் வாங்கியபோது ரசிகர்கள் தோத்தோன்போரி பாலத்தில் கூடி ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூப்பிட, அந்தச் சாயலில் இருக்கிறவன் ஆற்றில் குதிப்பானாம். அணியில் ராண்டி பாஸ் என்று தாடி வைத்த ஒரு அமெரிக்கர். அவர் சாயலுக்கு ஆள் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த கேஎஃப்சி கடை வாசலில் நின்ற தாடிக்காரத் தாத்தா சிலையைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு ஜப்பான் தொடர் என்கிற இறுதிப் பட்டம் அணிக்குக் கிடைக்கவே இல்லை, தாத்தா சாபம் என்றார்கள். 2009-ல் ஆற்றிலிருந்து சிலையை எடுத்தார்கள். அப்போதும் விடிவு இல்லை, அடுத்த ஜப்பான் தொடர் வெற்றி 2023-ல்தான், 38 வருடம்.

நான் போனது ஒரு மழை நாள். பக்கத்தில் ஒரு பாட்டி, அவருக்கு இங்கிலீஷ் ஒரு சொல் வராது, எனக்கு ஜப்பான் மொழி கடைக்குப் போகிற அளவுக்குத்தான் தெரியும். அப்போதெல்லாம் ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் மைதானம் முழுக்க நீளமான பலூன்களை ஊதி ஒரே நேரத்தில் விடுவார்கள், விசில் அடித்துக்கொண்டே மேலே போகும். எனக்கு ஊத வரவில்லை. பாட்டி என் கையிலிருந்து பிடுங்கி ஊதி, நுனியைப் பிடித்து என் விரலில் கொடுத்தார். எச்சில் பலூன். எல்லோரும் விட்ட நேரத்தில் நானும் விட்டேன். அந்த விநாடியிலிருந்து நான் டைகர்ஸ். ஒருவேளை பாட்டி எதிரணிப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நான் எதிரணி. இதில் என் விருப்பம் எங்கே இருந்தது என்று யோசித்தால் எதுவும் அகப்படவில்லை.

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

ஒசாகா அண்ணே, அதேதான். டைம்டேபிள், பாட்டி, சாய்வு நாற்காலி, புளியோதரை. யாரும் அணியைத் தேர்ந்தெடுத்த மாதிரியே தெரியவில்லை. கப்ஸுக்கும் ஒரு சாபக்கதை உண்டு, 1945-ல் ஒரு பார் முதலாளி தன் ஆட்டுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே கூட்டிப்போக, நாற்றம் என்று ஆட்டை வெளியே அனுப்பினார்களாம், அவர் சாபம் விட்டாராம். நம்ம ஊராக இருந்தால் அதே வாரம் ஆட்டை வெட்டிப் பொங்கல் வைத்துச் சாபத்தைத் தீர்த்திருப்போம், 71 வருடம் இழுத்திருக்காது.

எனக்கு இப்போது உறுத்துவது வேறு. உங்கள் எல்லோருக்கும் பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள். எனக்கு இருந்தது போன் வழியே ஒரு குரல். அதுவும் இப்போது இல்லை. அப்படியானால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்?

கணக்குப்பிள்ளை_கடலூர்_ஓடி

பழக்கம். ஆற்றில் தண்ணீர் வற்றியும் கெடிலத்துப் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

சரி, நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் வாலிபால் டீம் ஒன்று இருந்தது, 1980-களில். தேவனாம்பட்டினம் பையன்களிடம் ஒவ்வொரு பொங்கலுக்கும் தோற்போம். வலை பிய்ந்துபோகும், மீன் வலைக்காரரிடம் கெஞ்சி நானே ஊசி வாங்கி முடிச்சுப் போடுவேன். ஆடவில்லை, ஸ்கோர் நோட்டு எழுதுவதுதான் என் வேலை. நோட்டு பரணில் இருக்கிறது. நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். அதில் ஜெயித்த கணக்கு மொத்தம் இரண்டு. மனைவி "என்ன தேடுறீங்க?" என்றாள், "மின்வாரியக் கார்டு" என்றேன்.

விசில்_வில்லியனூர்

மாமா 😂😂 நோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். கம்பெனி ரகசியம் ஒன்றும் இல்லையே?

நெய்வேலி_ரிடயர்டு

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். தம்பி, நான் நெய்வேலியில் ஓய்வு பெற்று இப்போது கடலூரில், புதுப்பாளையத்தில் குடியிருக்கிறேன். என் மகன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஊரில் வேலை. மருமகள் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தோம். பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன், பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அவரும் தனி. ஒரு நாள் வேலி மேல் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, அவர் வீட்டு வராந்தாவில் உட்கார வைத்து ரேடியோவைத் திருப்பினார். ஆறு மாதமும் ரேடியோதான். பேஸ்பால் விதி எல்லாம் வேர்க்கடலை ஓட்டை மேஜையில் அடுக்கி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்தும் விடவில்லை. விடியற்காலை வாக்கிங் போகாமல் போனில் கேட்கிறேன். வீட்டில் சர்க்கரை ஏறும் என்று திட்டு. கடலூரில் பேஸ்பால் பேச ஒரு நாதி இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் தம்பி, ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்.

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

ஐயா!!! புதுப்பாளையமா? என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்!

கார்டினல்ஸா?? ஐயா, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கப்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும் நூறு வருடத்துக்கு மேல் பகை. முப்பது அணி இருக்கிறது. இருபத்தெட்டில் ஏதாவது ஒன்றாக இருந்திருக்கக் கூடாதா?

நெய்வேலி_ரிடயர்டு

கார்டினல்ஸ் உலகத் தொடர் ஜெயித்தது 11 முறை. உங்கள் ஆட்கள் 3. எண்ணிக்கை எனக்கு வேர்க்கடலை ஓட்டோடு மனப்பாடம்.

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

ஐயா, நீங்கள் பெரியவர் என்பதால் சும்மா இருக்கிறேன்.

மஞ்சக்குப்பம்_டீச்சர்

ஆரம்பித்துவிட்டது. இருவரும் வாட்ஸ்அப் குரூப் மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

நெய்வேலி_ரிடயர்டு

தம்பி, அடுத்து இரண்டு அணியும் மோதுகிற ஆட்டம் ரிக்லி ஃபீல்டில், பகல் ஆட்டம் என்று பார்த்தேன். நமக்கு இரவு 11:50. என் வீட்டு மாடியில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது, நெட் நன்றாக வரும். டீ பிளாஸ்க்கில் போட்டு வைக்கச் சொல்கிறேன், எனக்குச் சர்க்கரை இல்லாமல். வேர்க்கடலை நீ வாங்கி வா, வறுத்தது வேண்டாம், அவித்தது. ஓடு வேண்டும்.

நைட்ஷிப்ட்_மஞ்சக்குப்பம்

வருகிறேன் ஐயா. வீட்டில் கேட்டாள், இந்த ராத்திரியில் எங்கே கிளம்புகிறீர்கள் என்று. சண்டைக்கு என்றேன்.